பொத்தான் மின்கலம்

பொத்தான் மின்கலம் என்பது கைக்கடிகாரம், கணிப்பான், செவித்துணைக் கருவி, சிறு ரிமோட், ஒளிரும் விளையாட்டுப் பொருள் முதலியவற்றுக்கு மின்னாற்றல் வழங்கும் சிறிய வட்ட வடிவ மின்கலம் ஆகும். அகன்று தட்டையாக இருப்பவை நாணய மின்கலம் எனவும் அழைக்கப்படும். குழந்தைகள் இவற்றை விழுங்கினால் உயிருக்கு ஆபத்து நேரலாம்.

வகைகள்

மின்கலத்தின் மீது பொறிக்கப்பட்ட குறியீடு அதன் வகையையும் அளவையும் குறிக்கும். சிஆர்2032 என்பது 20 மி.மீ. விட்டமும் 3.2 மி.மீ. தடிப்பும் கொண்ட 3 வோல்ட் இலித்தியம் மின்கலம். எல்ஆர்44 என்பது 11.6 மி.மீ. விட்டமுடைய 1.5 வோல்ட் கார மின்கலம். 20 மி.மீ. இலித்தியம் மின்கலம் சிறு குழந்தையின் உணவுக்குழாயில் எளிதில் சிக்கிக்கொள்ளும். அதன் மின்னழுத்தமும் கூடுதல். எனவே அதுவே மிகவும் ஆபத்தானது.

பாதிப்பு ஏற்படும் விதம்

உள்ளிருக்கும் வேதிப்பொருள் கசிவதாலேயே தீங்கு நேர்கிறது என்று பலர் எண்ணுவர். முதன்மைக் காரணம் மின்னோட்டமே. உணவுக்குழாயின் ஈரமான சுவர் மின்கலத்தின் இரு முனைகளையும் இணைத்து மின்சுற்றை நிறைவு செய்கிறது. எதிர்முனையருகே நீர் மின்பகுப்புக்கு உள்ளாகி ஐதராக்சைடு அயனிகள் தோன்றுகின்றன. இக்காரம் திசுவை அரிக்கிறது. 2 மணி நேரத்திலேயே கடும் புண் உண்டாகலாம். அரிப்பு பெருந்தமனியை எட்டினால், மின்கலத்தை அகற்றிய பல நாட்களுக்குப் பின்னரும் குருதிப்பெருக்கு ஏற்படலாம். கருவியை இயக்க முடியாத பழைய மின்கலத்திலும் இத்தீங்குக்குப் போதுமான மின்னழுத்தம் எஞ்சியிருக்கக்கூடும்.

அறிகுறிகளும் முதலுதவியும்

எச்சில் வடிதல், இருமல், உணவை மறுத்தல், நெஞ்சுவலி ஆகியன அறிகுறிகள். சிலரிடம் எதுவும் தென்படாது. ஆகவே ஐயம் எழுந்தவுடனேயே குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். எக்சு-கதிர்ப் படத்தில் மின்கலம் நாணயம் போலத் தோன்றினாலும் அதன் விளிம்பில் இரட்டை வளையம் தெரியும். வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. விழுங்கி 12 மணி நேரத்திற்குள் எனில், ஒரு வயது நிரம்பிய, விழுங்க இயலும் குழந்தைக்கு, செல்லும் வழியில் 10 நிமிடத்திற்கு ஒருமுறை 2 தேக்கரண்டி தேன் 6 முறை வரை கொடுக்கலாம் என அமெரிக்க வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. இது புண்ணின் கடுமையைக் குறைக்க உதவும், மருத்துவத்திற்கு மாற்றன்று. மூக்கிலோ காதிலோ சிக்கிய மின்கலமும் உடனே அகற்றப்பட வேண்டும்.

தடுப்பு முறைகள்

மின்கல அறையின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருத்தல் நன்று. கழற்றிய மின்கலத்தின் இருபுறமும் ஒட்டுநாடா ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, பின்னர் மின்கழிவாக அகற்ற வேண்டும். ஆத்திரேலியாவில் 2022 சூன் முதல் இவ்வகைப் பொருட்களுக்குக் கட்டாயப் பாதுகாப்புத் தரங்கள் நடைமுறையில் உள்ளன. அமெரிக்காவில் அதே ஆண்டில் ரீசு சட்டம் இயற்றப்பட்டது.