விழியிழந்த உறுப்பினரின் வீடு

மக்கட்பேறு அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆங்கிலக் குடும்பம் நினைவுக்கு வரும், நேயர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் ஹென்றி போசெற்றின் குடும்பமே அது.

போசெற் 1833 இல் சோல்ஸ்பரி நகரிற் பிறந்தார். தந்தையார் துணி வணிகர். அந்நகரின் மேயராகவும் இருந்தவர். மகன் கேம்பிரிட்ஜிற் கணிதம் கற்று, 1856 ஆம் ஆண்டுப் பரீட்சையில் ஏழாம் இடத்தைப் பெற்றார். 1858 செப்டெம்பரில் இருவரும் பறவை வேட்டைக்குச் சென்றனர். தந்தையாரின் துப்பாக்கியிலிருந்து சிதறிய சன்னங்கள் மகனின் இரு கண்களையும் பறித்துவிட்டன. அப்போது அவருக்கு வயது 25.

தம் இருளைவிடத் தந்தையாரின் துயரமே அவரை வாட்டியது. முன்போல வாழ்ந்து காட்டுவதொன்றே அத்துயரை ஆற்றும் வழியெனக் கண்டார். குதிரையேறினார், மீன் பிடித்தார், உறைந்த நீர்மேற் சறுக்கி விளையாடினார். 1863 இல் கேம்பிரிட்ஜில் அரசியற் பொருளாதாரப் பேராசிரியரானார். 1865 இல் பிறைற்றன் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது.

துருக்கிச் சுல்தானுக்கு 1867 இல் இலண்டனில் நடந்த நடன விருந்தின் செலவை இந்திய மக்களின் வரிப்பணத்திற் சுமத்தியபோது, அது அநீதியென வாதாடியவர் இவர். ‘இந்தியாவின் உறுப்பினர்’ என்ற பெயரும் இவருக்கு வந்தது. 1880 இல் தபால் மா அதிபரானார். பொதித் தபால் சேவை 1883 இல் இவர் காலத்திலேயே தொடங்கியது.

அவருக்குக் கண்ணாக இருந்தவர் மனைவி மிலிசென்ற். 1867 இல் மணம் புரிந்தபோது அவருக்கு வயது 19. பத்திரிகைகளையும் அரசாங்க அறிக்கைகளையும் கணவருக்குப் படித்துக் காட்டினார். அவர் சொல்லச் சொல்லக் கடிதங்கள் எழுதினார். பார்வையற்ற கணவர் சட்டசபையில் அமர்ந்தார். அவருக்காக அறிக்கைகளைப் படித்த மனைவிக்கோ வாக்குரிமைகூட இல்லை. இந்த முரண்பாட்டைப் போசெற்றும் உணர்ந்திருந்தார். பெண்களுக்கு வாக்களிக்கும் திருத்தம் 1884 இல் வந்தபோது, தாம் அமைச்சராயிருந்தும், அரசாங்கத்துடன் சேர்ந்து அதனை எதிர்த்து வாக்களிக்க மறுத்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே, 51 வயதிற் காலமானார்.

மகள் பிலிப்பாவுக்கு அப்போது வயது 16. தந்தை பயின்ற அதே கணிதப் பரீட்சைக்கு அவளும் 1890 இல் தோற்றினாள். முதலிடம் பெற்ற மாணவனுக்கும் மேலான புள்ளிகள் அவளுக்குக் கிடைத்தன. ஆயினும் பெண் என்பதால் தரவரிசையில் இடமில்லை, பட்டமும் இல்லை.

தந்தையின் பார்வையைப் பறித்தது விபத்து. தாய்க்கும் மகளுக்கும் உரியதை மறுத்தவை மனிதர் வகுத்த விதிகள். விதிகளை மாற்றலாம் என்ற நம்பிக்கையோடு மிலிசென்ற் பெண் வாக்குரிமை இயக்கத்தை நெடுங்காலம் வழிநடத்தினார். 1918 இல் அதன் ஒரு பகுதியும், 1928 இல் ஆண்களுக்குச் சமமான உரிமையும் கிடைத்தன. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

கேம்பிரிட்ஜில் பெண்கள் பட்டம் பெற வழி திறந்தது 1948 இலேதான். அச்செய்தி வந்த சில வாரங்களில், தமது 80 ஆவது வயதில், பிலிப்பா கண்மூடினார்.