திருத்தமும் விதியும்: மோட்டார்ப் பந்தய வரலாறு பற்றி வன்னியிலிருந்து ஒரு நோக்கு

ஒரு பிரதேசத்தின் வரலாற்றைக் கோயில்களிலும் குளங்களிலும் சாசனங்களிலும் தேடுவது நமது மரபு. வன்னியின் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், இம்மண்ணின் அண்மைக்கால வாழ்வை அறிய விரும்பும் ஒருவர் இங்கு ஓடிய பழைய கார்களின் முன்மூடியைத் திறந்து பார்ப்பாராயின், எந்தச் சாசனமும் கூறாத சில செய்திகளை அங்கே காண்பார்.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் வடபகுதிக்கு எரிபொருள் கொண்டுவருதல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கை வரை அக்கட்டுப்பாடு ஏதோவொரு வகையில் நீடித்தது. பெற்றோல் போத்தற் கணக்கில் விற்கப்பட்ட அக்காலத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகை மிகும்; எந்திர எண்ணெய் விரைவில் நீர்த்துக் கெடும்; எனினும் நோயாளி வைத்தியசாலையை அடைவார், நெல்மூட்டை சந்தையை அடையும்.

இதன் பின்னால் ஓர் இயந்திர நுட்பம் உண்டு. பெற்றோலைப் போல மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. அமுக்கம் மிகுந்தால் உரிய வேளைக்கு முன்னரே எரிந்து எந்திரத்தைத் தட்டச் செய்யும். ஆகவே அமுக்க விகிதம் குறைந்த பழைய எந்திரங்களே அதற்குப் பொருத்தமாயின. மேலும் குறைக்க வேண்டுமாயின் சிலிண்டர்த் தலையின் கீழ் இன்னொரு கஸ்கெற்றைச் சேர்ப்பது தொழில் தெரிந்தோர் அறிந்த வழியாகும்.

இவ்விடத்தில் சுவையான வரலாற்று ஒற்றுமை ஒன்று தென்படுகின்றது. 1952 முதல் மொறிஸ் மைனரில் பொருத்தப்பட்ட எந்திரம் ‘ஏ’ வரிசையைச் சேர்ந்தது. 1959 இல் வெளிவந்த மினி காருக்கும் அதே வரிசை எந்திரமே உயிராயிற்று. அந்த மினியின் கூப்பர் எஸ் வகை 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்டி காலோ றலிப் போட்டியில் முதலிடம் பெற்றது. ஐரோப்பாவிலே அவ்வெந்திரத்தின் அமுக்கத்தை உயர்த்தினர்; வன்னியிலே தாழ்த்தினர். அங்கே நோக்கம் வேகம். இங்கே நோக்கம் பிழைப்பு. எந்திரம் ஒன்றே, திருத்தங்கள் இரண்டு. ஒன்றுக்கு விதிப்புத்தகம் இருந்தது, மற்றதற்கு இல்லை.

வாகனத் திருத்தம் எப்பொழுது திறமை எனப்படும், எப்பொழுது குற்றம் எனப்படும்? பந்தய விதிகளின் வரலாறு இவ்வினாவுக்கு விடைதேடிய வரலாறே என்பதையும், அவ்விடை இன்றைய வன்னிக்கு எவ்வாறு வேண்டப்படுகின்றது என்பதையும் காட்ட இக்கட்டுரை முயல்கின்றது.

சவாரித் திடலில் தொடங்கிய விதி

பந்தய விதி நமக்கு அந்நியமானது என்று கருதுதல் தவறு. மோட்டார் வண்டி வருமுன்னரே மாட்டு வண்டிற் சவாரி இருந்தது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சவாரித் திடல்களில் சோடி மாடுகளைத் தரம் பிரித்தே ஓடவிடுவர். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு, கரிச்சான் எனப் பிரிவுகள் உண்டு; பிரிவுக்கேற்ப ஓடும் தூரமும் வேறுபடும். பாரம் ஏற்றும் வண்டிலும் சவாரி வண்டிலும் ஒன்றல்ல என்பதைச் சிறுவரும் அறிவர். வென்றது மாடா, சாரதியா, வண்டிலா, உடையவனின் பணப்பையா என்ற வினா எழாதிருக்கவே இத்தரப்பிரிப்பு ஏற்பட்டது. அத்துடன் வெற்றிக்காக எதையும் செய்யலாமா என்ற வினாவும் உடன் வந்தது. இலங்கையில் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டமும், தமிழ்நாட்டு வண்டிப் பந்தயங்களையும் உள்ளடக்கி இந்திய உயர் நீதிமன்றம் 2014 இல் விதித்த தடையும், 2017 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும், அத்திருத்தம் செல்லும் என 2023 இல் அதே நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அவ்வினாவின் தொடர்ச்சியே எனலாம்.

மோட்டார்ப் பந்தயத்தின் முதற் பாடங்கள்

மோட்டார் வண்டிகளின் முதற் பெரும் போட்டி 1894 ஆம் ஆண்டு யூலை 22 இல் பரிசிலிருந்து றூவென் நகர் வரை நடைபெற்றது. ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை அதனை நடத்தியது. முதலில் வந்துசேர்ந்தது டி டியொன் பிரபுவின் நீராவி வண்டி. ஆயினும் முதற்பரிசு அதற்குக் கிடைக்கவில்லை. நெருப்பைக் கவனிக்க இன்னொருவர் வேண்டியிருந்த அவ்வண்டி, இலகுவாகக் கையாளத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்ற விதிக்குப் பொருந்தவில்லை. பெஜோ, பனார் என்னும் இரு நிறுவனங்களின் வண்டிகள் பரிசைப் பகிர்ந்துகொண்டன. முதலில் வருவது மட்டும் வெற்றியன்று, எவ்வகை வண்டியில் வருவது என்பதும் வெற்றியின் பகுதி என்ற கொள்கை அன்றே பிறந்துவிட்டது.

அடுத்த பாடம் குருதியில் எழுதப்பட்டது. எந்திரங்கள் நாளுக்கு நாள் பெருத்து வந்தமையால், 1902 இல் வண்டியின் நிறை 1000 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என விதித்தனர். பெரிய எந்திரத்தைத் தவிர்ப்பதே விதியின் நோக்கம். ஆனால் உற்பத்தியாளர் எந்திரத்தைக் குறைக்கவில்லை. சட்டகத்தில் துளையிட்டு அதன் நிறையைக் குறைத்தனர். வேகம் ஏறிற்று, வலிமை இறங்கிற்று. 1903 மே மாதத்தில் பரிசிலிருந்து மட்ரிட் நோக்கிப் புறப்பட்ட பந்தயத்தில் ஓட்டுநரும் பார்வையாளரும் உட்படப் பலர் மாண்டனர். பந்தயம் போர்தோ நகரிலேயே நிறுத்தப்பட்டது. திறந்த வீதியும் காவலற்ற கூட்டமும் அவ்வழிவுக்குக் காரணங்களாயின. எழுத்துக்கு அடங்கி நோக்கத்தை மீறும் திருத்தத்தின் ஆபத்தையும் அக்காலம் உணர்த்திற்று.

பிரித்தானியாவின் பொதுவீதிகளில் பந்தயத்துக்கு இடமில்லாமையால் மான் தீவு வேறொரு வழியைக் காட்டியது. 1907 இல் அங்கு தொடங்கிய மோட்டார் சைக்கிட் பந்தயத்தில் சைலன்சர், இருக்கை, மிதி, சேற்றுக்காப்பு ஆகியன உள்ள சாதாரணப் பயண வண்டிகளே அனுமதிக்கப்பட்டன. ஒரு கலனுக்கு ஒற்றைச் சிலிண்டர் வண்டி 90 மைலும் இரட்டைச் சிலிண்டர் வண்டி 75 மைலும் ஓடல் வேண்டும் என எரிபொருளுக்கும் அளவு வகுத்தனர். எரிபொருளைச் சிக்கனமாக எரிப்பதும் திறமையே என்று அவ்விதி ஏற்றுக்கொண்டது. நமது மண்ணெண்ணெய்க்கார் ஓட்டுநர்கள் அவ்விதியை நன்கு விளங்கியிருப்பர்.

அளவுகோலும் அதன் ஓட்டைகளும்

சாதாரண மனிதர் தம் சொந்தக் காரில் போட்டியிடத் தொடங்கியபோது விதிகள் விரிந்தன. எந்திரக் கொள்ளளவால் வகுப்புப் பிரித்தல் அவற்றுள் முதன்மையானது. இதன் நுட்பத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 998 கன சென்ரிமீற்றர் மினி எந்திரத்தில் சிலிண்டரின் விட்டம் 64.58 மில்லிமீற்றர், உந்து தண்டின் வீச்சு 76.2 மில்லிமீற்றர், சிலிண்டர்கள் நான்கு. தேய்ந்த சிலிண்டரை, பட்டறையில் ‘ரீபோர்’ எனப்படும் முறையில் அரை மில்லிமீற்றர் கடைந்தாற் போதும், கொள்ளளவு ஏறத்தாழ 1014 ஆகிவிடும். 1000 வரை என்ற வகுப்பில் ஓடவேண்டிய வண்டி, ஓட்டுநர் ஏமாற்ற எண்ணாதபோதும் அவ்வகுப்பைத் தாண்டிவிடுகின்றது. ஆதலின் தேய்மானத்துக்கு எவ்வளவு இடம் விடப்படும் என்பதையும் நல்ல விதி சொல்லியாதல் வேண்டும். எழுதப்படாத இடத்தில் நேர்மையாளனே முதலில் அகப்படுகின்றான்.

சர்வதேச மோட்டார் சம்மேளனம் வண்டிகளைக் குழுக்களாக வகுத்தது. 1982 இல் ‘என்’, ‘ஏ’, ‘பி’ என்ற குழுக்கள் வந்தன. கடையில் வாங்கிய நிலையை அண்டியது ‘என்’. அளவுடன் திருத்தப்பட்டது ‘ஏ’. இவ்விரண்டுக்கும் 5000 வண்டிகள் உற்பத்தியாகியிருத்தல் வேண்டும். ‘பி’ குழுவுக்கோ 200 போதும். பொதுமக்கள் வாங்கும் வண்டிக்கும் பந்தய வண்டிக்கும் இடையிலான உறவு அக்குழுவில் அறுந்துபோயிற்று. 1986 இல் போர்த்துக்கல் நாட்டிலே பார்வையாளர் மூவர் மாண்டனர். அவ்வாண்டு மே மாதம் கோர்சிக்காத் தீவில் ஓட்டுநர் ஹென்றி தொய்வோனனும் அவருடைய துணை ஓட்டுநரும் உயிரிழந்தனர். அத்துடன் ‘பி’ குழு முடிவுக்கு வந்தது.

ஹென்றியின் தந்தை பவுலி தொய்வோனன், 1966 இல் மொன்டி காலோவில் வெற்றி பெற்றவராக அறிவிக்கப்பட்டவர். அவ்வாண்டு முதல் மூன்று இடங்களையும் பிடித்த மினிகள், முன்விளக்கின் குமிழ் விதிக்கு மாறானது என்ற காரணத்தால் நீக்கப்பட்டன; தொய்வோனனின் சிற்றோன் காருக்கு வெற்றி சென்றது. ஒரு விளக்குக் குமிழுக்காகத் தந்தைக்கு வெற்றி கிடைத்தது. விதி தளர்ந்த ஒரு குழுவில் மகன் உயிர்நீத்தார். வரலாறு இவ்விரண்டையும் ஒரே குடும்பத்தில் எழுதி வைத்துள்ளது. விதி அற்பமான இடத்தில் இறுகுவதும், உயிரைக் காக்கவேண்டிய இடத்தில் நெகிழ்வதும் எத்துணை அநியாயம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கெட்டித்தனம் கரவாகும் இடத்துக்கு 1995 ஆம் ஆண்டு உதாரணமாகும். எந்திரத்துட் செல்லும் காற்றை மட்டுப்படுத்தும் வளையம் ஒன்றை றலிக் கார்களில் கட்டாயமாக்கியிருந்தனர். டொயோட்டா அணியின் கார்களில், ஓடும்போது அவ்வளையத்தைத் தவிர்த்துக் காற்றை உட்செலுத்தி, கழற்றிச் சோதிக்கும்போது ஏதும் தெரியாதவாறு மூடிக்கொள்ளும் பொறியொன்று கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வணி 1996 இறுதிவரை விலக்கப்பட்டது. அப்பொறியைச் செய்தவரின் திறமையை எவரும் மறுக்கவில்லை. மறைத்தலே குற்றமாயிற்று.

நமது அயலில்

இலங்கையில் நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கியது. பின்னர் கட்டுகுருந்த விமானத் தளமும் பந்தயக் களமாயிற்று. இந்நாட்டுப் போட்டிகளில் மினிக்கென ஒரு வகுப்பும், 1500 கன சென்ரிமீற்றர் வரையான ஃபோட் லேசர், மஸ்டா கார்களுக்கென ஒரு வகுப்பும் இடம்பெற்று வந்துள்ளன. மக்கள் அன்றாடம் ஓட்டும் கார்களே அவை என்பது கவனிக்கத்தக்கது.

தமிழ்நாட்டில் சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையும், 1953 இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகமும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைப் பாதையும் இக்கலையை வளர்த்தன. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800 எந்திரத்தைக் கொண்டு மலிவான ஒற்றையிருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்தார். எல்லோர்க்கும் ஒரே எந்திரம் என்பதால் பணத்தின் பங்கு குறைந்து ஓட்டும் திறனின் பங்கு கூடிற்று. அவர் 1995 இல் காலமானார். அவ்வகைக் காரில் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஃபோர்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். செலவைக் கட்டுப்படுத்தும் விதி திறமைக்கு வாயில் திறந்தது என்பதற்கு இது சான்று.

வன்னிக்கு வேண்டுவது

இவ்வரலாற்றிலிருந்து மூன்று அளவுகோல்கள் தெளிவாகின்றன. திருத்தம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டதா? அதனால் வரும் ஆபத்தை ஏற்பவர் அதற்கு உடன்பட்டவரா? வசதி குறைந்தவனும் அதனைச் செய்து போட்டியிட முடியுமா? மண்ணெண்ணெய்க் காரை இவ்வளவுகோல்களால் அளந்தால், அதன் புகையே அதனை வெளிப்படுத்திற்று. அதன் ஆபத்தைத் தேவை காரணமாக யாவரும் அறிந்தே ஏற்றனர். எளியவனுக்கும் அது இயன்றது. விதிப்புத்தகம் இல்லாமலே அது ஒருவகை ஒழுங்குக்கு உட்பட்டிருந்தது.

இன்றைய நிலை வேறு. ஏ9 வீதி செப்பனிடப்பட்டுவிட்டது. முறிகண்டிப் பிள்ளையார் முன் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைத்துச் செல்லும் வழக்கம் மாறவில்லை. ஆனால் சைலன்சரை அறுத்த மோட்டார் சைக்கிள்கள், மாலை வேளைகளில் வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகளின் நடுவே ஓடுவதை நாம் காண்கின்றோம். அங்கே ஆபத்தை ஏற்பவர்கள் அதற்கு உடன்பட்டவர்களல்லர். 2024 ஏப்பிரல் 21 இல் தியத்தலாவைப் பந்தயக் களத்திலே ஒரு கார் பாதையை விட்டு விலகியதில் சிறுமியொருத்தி உட்பட ஏழு பேர் மாண்டனர். அவ்விபத்துக்குத் திருத்தம் காரணம் எனக் கூறுவது இங்கு நோக்கமன்று. விதிகள் உள்ள களத்திலேயே பார்வையாளரின் உயிர் இவ்வாறு போகுமெனில், விதியே இல்லாத வீதியில் என்னாகும் என்பதே நமது கவலை.

2025 சனவரியில் பேருந்துகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பொருத்தப்பட்டவற்றை அகற்றப் பொலிசார் முனைந்தபோது பெரும் வாதம் எழுந்தது. அலங்காரமும் ஆபத்தும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டதாகச் சாரதிகள் குறைகூறினர். விளக்குக் குமிழுக்காக மினியை நீக்கிய கதை நினைவுக்கு வருகின்றது. தடை எளிது, தரம் பிரித்தல் கடினம். ஆயினும் பந்தய வரலாறு முழுவதும் கற்பிப்பது தரம் பிரித்தலையே.

எனவே இளைஞரின் கைத்திறனைப் பழிப்பதை விட்டு, அதற்கு ஓர் இடமும் ஓர் அளவும் கொடுத்தல் வேண்டும். பொதுவீதியிலிருந்து விலகிய ஒரு திடல், ஒரே கொள்ளளவு வண்டிகளுக்கு ஒரு வகுப்பு, ஓடுமுன் தடுப்பையும் சக்கரத்தையும் சைலன்சரையும் சோதிக்க ஓர் அனுபவசாலி, பார்வையாளருக்குப் போதிய தூரம் ஆகியவை போதும். சவாரித் திடலை நடத்தத் தெரிந்த மக்களுக்கு இது புதிதன்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியற் பீடமும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இயங்குகின்றன. மண்ணெண்ணெயில் காரை ஓட்டிய முதிய தொழிலாளரின் அறிவு, அவர்கள் வாழும்போதே அங்கே பதிவுபெறுதல் வேண்டும். அவர்கள் எந்திரத்தை எவ்வளவு தாழ்த்தலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்பதை அறிந்திருந்தனர்.

தமிழில் ‘திருத்தம்’ என்ற சொல் பழுதுபார்த்தலையும் குறிக்கும், பிழைநீக்கலையும் குறிக்கும், சட்டத்தை மாற்றுதலையும் குறிக்கும். வண்டியைத் திருத்தும் கையும் விதியைத் திருத்தும் கையும் ஒன்றையொன்று அறிந்திருக்கும் நாளில், அம்மூன்று பொருள்களும் வன்னியில் ஒன்றுகூடும்.