எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளை: காரைக்கால் பெற்றோர் அறிய வேண்டியவை

நம் பிள்ளைகளில் சிலர் நன்றாகப் பேசுவார்கள். கடைக்குப் போனால் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருவார்கள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் திணறுவார்கள். "மக்கு", "சோம்பேறி" என்று பெயர் வாங்கியே படிப்பை வெறுத்து விடுகிறார்கள். இவர்களில் சிலருக்கு டிஸ்லெக்சியா எனும் கற்றல் குறைபாடு இருக்கலாம். இது அறிவுக் குறைவு அல்ல. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மூளைக்கு ஏற்படும் சிரமம்.

அடையாளங்கள்

இரண்டாம் வகுப்பு முடிந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவது, பார்த்து எழுதும்போதே எழுத்தை விடுவது, கொம்பும் காலும் இடம் மாறுவது, ஒரு வரியில் படித்த சொல்லை அடுத்த வரியில் மறப்பது. மக்தபில் ஓதும்போதும் இதே திணறல் இருக்கிறதா என்று உஸ்தாதிடம் கேளுங்கள். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்து விடுங்கள்.

சட்டம் தரும் உரிமை

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. இதைச் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிப்பது பள்ளியின் கடமை என்கிறது சட்டத்தின் 16 ஆம் பிரிவு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத உதவியாளர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை 17 ஆம் பிரிவு குறிப்பிடுகிறது.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால் காரைக்கால் பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். சிபிஎஸ்இ தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் சான்றிதழ் இல்லாமல் எந்தச் சலுகையும் கிடையாது.

செய்ய வேண்டியவை

8 வயதிலிருந்து, அதாவது மூன்றாம் வகுப்பளவில், முறையான பரிசோதனை செய்யலாம். தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். சமக்ர சிக்ஷா திட்டத்தின் சிறப்பு ஆசிரியர் பற்றியும் விசாரியுங்கள். அரசு மருத்துவமனையில் சான்றிதழ் பெறும் வழியைக் கேட்டறியுங்கள். பத்தாம் வகுப்புவரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் தினமும் 15 நிமிடம் போதும். மணலில் எழுத்தை விரலால் எழுதச் சொல்லி, ஒலியைச் சொல்ல வையுங்கள். அடிக்க வேண்டாம், உடன்பிறந்தவரோடு ஒப்பிடவும் வேண்டாம்.

ஆசிரியர்கள் சென்னையில் 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கத்தின் பயிற்சிகளைப் பயன்படுத்தலாம்.

கணவர் வெளிநாட்டில் இருக்க, தனியாக அலையும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. பரிசோதனைக்குத் துணையாகச் செல்வதும், ஏழைக் குடும்பத்துக்குப் பயணச் செலவைக் கொடுப்பதும் ஜமாஅத்தால் முடிந்த காரியமே. ஒரு பிள்ளையின் படிப்பு அதனால் நிலைக்கும்.