பெர்சென்ட், பெர்சென்டேஜ்: எங்கே எதை எழுதுவது?

"இந்த வருஷம் ஹைக் 10 பெர்சென்டேஜ்தானாம்!" ஆபீஸ் கேன்டீனில் இப்படிச் சொன்னால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கிளையன்ட்டுக்குப் போகும் ரிப்போர்ட்டில் எழுதினால் அது பிழை. தமிழில் இரண்டுக்கும் 'சதவீதம்' என்ற ஒரே சொல் போதும் என்பதால், நாம் எளிதில் சறுக்கும் இடம் இது.

எண்ணை ஒட்டி வருவது பெர்சென்ட்: 'டென் பெர்சென்ட்'. எண் சொல்லாத இடத்தில் பெர்சென்டேஜ்: 'எ ஸ்மால் பெர்சென்டேஜ் ஆஃப் யூசர்ஸ்', 'வாட் பெர்சென்டேஜ்?'.

அடுத்து வினைச்சொல். 'டென் பெர்சென்ட் ஆஃப்' என்பதற்குப் பிறகு என்ன வருகிறது என்று பாருங்கள். ஊழியர்கள் என்றால் 'ஆர்', பட்ஜெட் என்றால் 'இஸ்'. 'தி பெர்சென்டேஜ்' என்று தொடங்கினால், பின்னால் எத்தனை பேர் வந்தாலும் 'இஸ்'தான். (பெர், சென்ட் என்று பிரித்து எழுதுவது பிரிட்டிஷ் வழக்கம், சேர்த்து எழுதுவது அமெரிக்க வழக்கம். இரண்டும் சரி. ஒரே ரிப்போர்ட்டில் கலக்காமல் இருந்தால் போதும்.)

இதுவரை பார்த்தது வெறும் இலக்கணம். பணம் சம்பந்தப்பட்ட சிக்கல் 'பெர்சென்டேஜ் பாயின்ட்'டில்தான் இருக்கிறது. தமிழில் சதவீதப் புள்ளி. இரண்டு சதவீதங்களுக்கு இடையிலான நேரடி வித்தியாசம் அது.

2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பூ, டூத்பேஸ்ட் போன்றவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரி குறைந்தது 13 சதவீதமா? இல்லை, 13 சதவீதப் புள்ளி. சதவீதமாகச் சொன்னால் வரி விகிதம் சுமார் 72 சதவீதம் குறைந்திருக்கிறது. சரி, கடையில் எவ்வளவு குறையும்? வரிக்கு முந்தைய விலை 100 ரூபாய் என்றால், முன்பு 118 கொடுத்தோம், இப்போது 105. அதாவது விலை சுமார் 11 சதவீதம் குறைய வேண்டும். 13, 72, 11 என மூன்று எண்களுமே உண்மைதான். எதைத் தலைப்பில் போடுவது என்பதில்தான் விளம்பரக்காரர்களின் சாமர்த்தியம் இருக்கிறது.

ஹோம் லோன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.50-லிருந்து 5.50 ஆகக் குறைத்தது. இது 1 சதவீதப் புள்ளி, வங்கி மொழியில் 100 பேசிஸ் பாயின்ட். '1 சதவீதம் குறைப்பு' என்பதை அப்படியே கணக்குப் போட்டால் 6.50 என்பது 6.435 ஆகத்தான் மாறும். பேசிஸ் பாயின்ட் என்ற தனிச் சொல்லை நிதித்துறை விடாமல் வைத்திருப்பது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.