திண்டுக்கல் தொழில் இடப்பெயர்வு

திண்டுக்கல் நகரின் தொழில்கள் சுற்றுக் கிராமங்களுக்கும் நெடுஞ்சாலை ஓரங்களுக்கும் பரவியதும், இங்கு வேரூன்றிய வணிகத்தின் நிர்வாகம் சென்னையில் அமைந்ததும் இத்தலைப்பில் அடங்கும்.

தொடக்க காலம். மலைக்கோட்டை 1790-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வசமானது. 1866-இல் நகராட்சியும் 1875-இல் திருச்சி–மதுரை ரயில் பாதையும் வந்தன.

சுருட்டு. சுற்றுவட்டாரப் புகையிலையை நம்பி 19-ஆம் நூற்றாண்டில் இங்கு சுருட்டுத் தொழில் வளர்ந்தது. அதைத் தொடங்கியவராகக் கேப்டன் காம்பெல் என்னும் ஆங்கிலேயரின் பெயர் சொல்லப்படுவதுண்டு. பின்னர் சென்னை ஸ்பென்சர் நிறுவனம் இங்கு சுருட்டு ஆலை நடத்தியது. ஆலை திண்டுக்கல்லிலும் அலுவலகம் மவுண்ட் ரோட்டிலுமாக இருந்த ஏற்பாடு அது. வின்ஸ்டன் சர்ச்சில் இப்பகுதிச் சுருட்டை விரும்பினார் என்பார்கள். அது திண்டுக்கல் சுருட்டா, திருச்சிச் சுருட்டா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

பூட்டு. இத்தொழிலின் முன்னோடிகளாகச் சங்கரலிங்கம் ஆசாரி, பரட்டை ஆசாரி என இரு பெயர்கள் வழங்குகின்றன. யார் முதல்வர் என்பது உறுதியாகவில்லை. மழை குறைந்த மண்ணில் பயிரை நம்ப முடியாததால் இரும்பு வேலை பரவியது என்பது ஒரு விளக்கம். நகரப் பட்டறைகளோடு நாகல்நகர், நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி போன்ற இடங்களின் வீட்டுத் திண்ணைகளிலும் வேலை நடந்தது. மாங்காய்ப் பூட்டு அதன் வடிவத்தால் பெயர் பெற்றது. சாவியைத் திருப்பினால் மணி ஒலிக்கும் பூட்டும், வேற்றுச் சாவியை உள்ளே விட்டால் அதை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டும் உண்டு. உள்ளே இருக்கும் லீவர்களை அரத்தால் கையாலேயே ராவிச் சாவிக்குப் பொருத்துவார்கள்; ஆகவே ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறக்காது. 1957-இல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அலிகார் பூட்டுகளின் விலையோடு போட்டியிட முடியாமல் பட்டறைகள் குறைந்தன. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தோல். இடப்பெயர்வு வரலாற்றில் மிகுதியான பதிவு உள்ள தொழில் இதுவே. தோல் பதனிடத் தண்ணீர் நிறைய வேண்டும். கழிவில் உப்பும் குரோமியமும் மிஞ்சும். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 ஊர்களில் ஒரு தன்னார்வ அமைப்பு ஆய்வு செய்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டதாக அது கண்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இந்தக் கணக்கு இடம்பெற்றுள்ளது. அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாதவை இயங்கக் கூடாது என்றானது. நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு மிகுந்த புதிய தொழிற்சாலைக்குத் தடை விதித்த 1989 அரசாணையையும் தீர்ப்பு வலியுறுத்தியது. எந்த இடத்தில் ஆலை வைக்கலாம் என்பதை அதுவரை நிலத்தின் விலையும் தண்ணீரும் முடிவு செய்தன. அதன்பின் சட்டமும் சேர்ந்துகொண்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு தொழில் தொடர்ந்தாலும், நிலத்தடி நீர் எந்த அளவுக்கு மீண்டது என்பதில் உழவர்களும் ஆலையினரும் ஒத்துப்போவதில்லை.

நூற்பாலைகள். கரூர் சாலையில் வேடசந்தூர் வட்டாரம் நூற்பாலைகளால் வளர்ந்தது. கரூர், திருப்பூர்ச் சந்தைகளுக்கு நூல் அனுப்ப வசதியாக இருந்தது. வேலைக்கு ஆள் திரட்ட ஆலை வேன்கள் கிராமம் கிராமமாகச் சென்றன. மதுரைப் பக்கம் நிலக்கோட்டையில் சிப்காட் வளாகம் உள்ளது.

அண்மைக் காலம். 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணிக் கடை, அவர் கட்டிய தலைப்பாகையால் தலப்பாக்கட்டி ஆனது. பின்னாளில் சென்னையில் கிளைகள் பரவி, தலைமையகமும் அங்கேயே அமைந்தது. சீரகச் சம்பா அரிசியும் ‘திண்டுக்கல்’ என்ற பெயரும் மட்டும் மாறவில்லை. நகராட்சி 2014-இல் மாநகராட்சியானது.