போர்ட் ஃபார்வர்டிங் கோளாறுகள்

இணையத்திலிருந்து வரும் இணைப்பை வீட்டு ரவுட்டர் உள்ளேயிருக்கும் ஒரு கருவிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு போர்ட் ஃபார்வர்டிங். சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறை போன்ற இடத்தின் சிசிடிவி டிவிஆரை வெளியூரிலிருந்து பார்க்க இது உதவும்.

ரவுட்டரில் எழுதிய ஃபார்வர்டிங் விதி சரியாக இருந்தும் இணைப்பு வரவில்லையா? ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வெளிப்புற ஐபி முகவரியை முதலில் பார்க்க வேண்டும். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது என்று பொருள். ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துவந்த நிலையில், 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய தொகுதி இது. இங்கே ரவுட்டரில் எத்தனை விதி எழுதினாலும் பலனில்லை. நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டு வாங்குவதே நேர்வழி.

கரண்ட் போய் வந்தபின் டிவிஆரின் உள்முகவரி மாறி, விதி பழைய முகவரிக்கே இணைப்பை அனுப்புவதும் உண்டு. ரவுட்டரிலேயே டிவிஆருக்கு ஒரு முகவரியை நிலையாக ஒதுக்கிவிடலாம். வெளியிலிருந்து இணைப்பு வருகிறதா என்ற சோதனையை வீட்டு வைஃபையில் செய்தால் முடிவு ஏமாற்றக்கூடும், மொபைல் டேட்டாவே சரி.

திறந்த போர்ட் வழியே தாக்குதலும் வரலாம்: 2016இல் பரவிய மிராய் தீநிரல், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. பாஸ்வேர்டை மாற்றிய பிறகே போர்ட்டைத் திறக்கவும்.