கண்ணாடி யாரை நோக்கி நிற்கிறது?

சென்ற மாதம் அடுகோடியில் எங்கள் தெருவில் முதியவர் ஒருவர் காலமானார். துக்கம் கேட்கச் சென்றபோது கூடத்துச் சுவரிலிருந்த நிலைக்கண்ணாடியைப் பழைய வேட்டி ஒன்றால் மூடியிருந்தார்கள். உடன் வந்த முதுகலை மாணவர் வெளியே வந்ததும் கேட்டார்: "ஐயா, இது தமிழ் வழக்கமா, கன்னட வழக்கமா? மூடநம்பிக்கை என்று ஆய்வேட்டில் எழுதலாமா?" மைக்கோ ஆலைச் சுவரையொட்டி நடக்கும்போது பதில் சொல்லத் தொடங்கினேன். ஓசூர் சாலை வந்த பின்னும் முடியவில்லை. அந்தப் பதிலின் எஞ்சிய பகுதியை இங்கே எழுதுகிறேன்.

அடுகோடி போன்ற பகுதியில் இக்கேள்வி எழுவது இயல்பே. தமிழர் 'கண்ணாடி' என்பதைக் கன்னடர் 'கன்னடி' என்கிறார்கள். சொல்லைப் போலவே நம்பிக்கைகளும் வேலி தாண்டியவை. ஒரு வீட்டில் வாசல்நிலைக்கு மேல் தெருவைப் பார்த்தபடி சிறு கண்ணாடி தொங்குகிறது. பொறாமையோடு பார்ப்பவரின் பார்வை அவரிடமே திரும்ப வேண்டும் என்பது அதன் நோக்கம். சீனர் வாசலில் மாட்டும் எண்கோணக் கண்ணாடிக்கும் வேலை ஏறக்குறைய அதுதான். அடுத்த வீட்டில், பேச்சு வருமுன் குழந்தைக்குக் கண்ணாடி காட்டக் கூடாது என்கிறார்கள். விளக்கு வைத்த பின் கண்ணாடி பார்த்துத் தலைவாரக் கூடாது என்பது இன்னொரு வீட்டின் சட்டம். அதே கண்ணாடி திருமணச் சீர்வரிசைத் தட்டில் மங்கலப் பொருள். சித்திரை விஷுவன்று கனியோடும் பொன்னோடும் கண் விழித்ததும் காண வைக்கும் பொருளும் அதுவே. இசுலாமியத் திருமணங்களில் மணமக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் முதன்முதலாகக் கண்ணாடியில் காணும் சடங்கும் உண்டு. ஒரே பொருள் ஓரிடத்தில் ஆபத்து, இன்னோரிடத்தில் மங்கலம்.

பழந்தமிழ் இலக்கியத்தில் இந்த அச்சத்தைத் தேடுபவர் சற்று ஏமாறுவார். குறுந்தொகையின் எட்டாம் பாடலில் பரத்தை ஒருத்தி, மனைவி சொன்னபடியெல்லாம் ஆடும் தலைவனைக் கண்ணாடிக்குள் தெரியும் பாவைக்கு ஒப்பிட்டு நகைக்கிறாள். முன்னிற்பவர் கையைத் தூக்கினால் தானும் தூக்கும், காலைத் தூக்கினால் தானும் தூக்கும் ஆடிப்பாவை அது. இங்கே பிம்பத்துக்குத் தன்னிச்சை இல்லை. ஆகவே அதனிடம் பயமும் இல்லை. திருப்பாவையில் ஆண்டாளின் தோழியர் விசிறியோடு சேர்த்துக் கேட்கும் 'தட்டொளி'யும் நோன்புக்கு வேண்டிய பொருளாகவே வருகிறது.

அச்சத்துக்கு விளக்கம் தந்தவர்களுள் பெரும்பாலோர் இன்றும் மேற்கோள் காட்டுவது ஜேம்ஸ் ஃபிரேசரை. 1890-இல் வெளிவந்த 'தி கோல்டன் பவ்' என்னும் நூலில் அவர் கூறிய காரணம் இது: பல சமூகங்களில் பிம்பமே உயிர் அல்லது உயிரின் ஒரு பகுதி எனக் கருதப்பட்டது, சாவு வீட்டில் உலவும் ஆவி, கண்ணாடியில் வெளிப்பட்டு நிற்கும் உயிரைப் பற்றிச் சென்றுவிடும் என்று அஞ்சியே கண்ணாடியை மூடினார்கள். யூதர்களின் ஏழு நாள் துக்கத்திலும் கண்ணாடி மூடும் வழக்கம் உண்டு. அவர்கள் தரும் விளக்கம் வேறு. துக்கம் காப்பவர் தம் தோற்றத்தைப் பேணும் காலமல்ல அது என்பார்கள். ஒரே செயலுக்கு இரு விளக்கங்கள் இருக்கும்போது செயலை மட்டும் பட்டியலிட்டு 'உலகளாவிய நம்பிக்கை' என்று எழுதிவிடுவது நம் துறையின் நெடுநாள் சோம்பல்.

பொருளின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். சுவரளவு கண்ணாடி எளியோர் வீட்டுக்கு வந்தது அண்மையில்தான். அதற்கு முன் ஐரோப்பாவில் வெள்ளீயமும் பாதரசமும் கலந்த பூச்சே கண்ணாடித் தகட்டின் பின்புறம் இடப்பட்டது. வேதியியலர் லீபிக் 1835-இல் வெள்ளியைக் கண்ணாடிமேல் படியவைக்கும் வினையைக் கண்டறிந்தார்; ஆலைகள் அதைப் பெருமளவில் கைக்கொள்ள மேலும் சில பத்தாண்டுகள் ஆயின. ஆகவே நிலைக்கண்ணாடியைச் சுற்றி எழுந்த நம்பிக்கைகளை 'தொன்றுதொட்டு' என்ற சொல்லோடு எழுதும் மாணவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் ஏழாண்டுத் தீங்கு என்ற ஐரோப்பிய நம்பிக்கைக்குக் கண்ணாடியின் விலையே காரணம் என்று சொல்வதும் வழக்கம். உலோகக் கண்ணாடி உடையாது என்ற எண்ணம் அதற்குள் மறைந்திருக்கிறது. கேரளத்து ஆரன்முளைக் கண்ணாடியைக் கைதவறிக் கீழே போட்டால் அதுவும் உடையும். பெங்களூரில் உள்ள தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சாரதா ஸ்ரீநிவாசன் அதை ஆராய்ந்து, செம்போடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் அது என்று காட்டினார். அந்த அளவு வெள்ளீயம்தான் வெள்ளிபோன்ற ஒளியைத் தருகிறது. நொறுங்கும் தன்மையையும் தருகிறது. அதன் மேற்பரப்பே பிம்பத்தைக் காட்டுவதால், விரல்நுனியை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் இடையே வெளி இராது.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நம் நாட்டில் கண்ணாடியைப் பற்றிய நம்பிக்கைகளுக்கு அடியில் உயிரைவிட முக்கியமாக இருப்பது பார்வை. யார் யாரைப் பார்க்கலாம், யார் பார்வை யார்மேல் பட்டால் என்ன ஆகும் என்பதே கேள்வி. களவுபோன பொருளைக் கண்டுபிடிக்க மை போட்டுப் பார்க்கும் வழக்கத்திலும் இதுவே அடிப்படை: வெற்றிலையில் தடவிய கருமையின் பளபளப்பில் பெரியவர்களுக்குத் தெரியாதது சிறுவனுக்குத் தெரியும். வாசல் கண்ணாடி கண்ணேறைத் திருப்புகிறது. கோயிலிலும் இதே ஒழுங்கு. பதினாறு உபசாரங்களுள் கண்ணாடி காட்டுவதும் ஒன்று. அங்கே பார்ப்பவர் இறைவன். பூரி ஜகந்நாதர் கோயிலில் மரத்தாலான திருமேனிக்கு நாள்தோறும் நீராட்ட இயலாது என்பதால் கண்ணாடியில் விழும் பிம்பத்துக்கு நீராட்டுகிறார்கள். 1117-இல் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனன் எடுத்த பேலூர் சென்னகேசவர் கோயிலில், கண்ணாடியில் தன் முகம் பார்க்கும் அழகி இருக்கிறாள். ஆனால் அவள் இருப்பது கருவறைக்கு வெளியே. கருவறைக்குள் கண்ணாடி வந்தால் அது இறைவனை நோக்கியே நிற்கும்.

அதை மனிதனை நோக்கித் திருப்பிவைத்தவர் அய்யா வைகுண்டர்.

1809-இல் தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சுவாமித்தோப்பில், பனைத்தொழிலைச் சார்ந்த குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் 'முடிசூடும் பெருமாள்' என்றும், மேல்சாதியார் எதிர்ப்பால் அது 'முத்துக்குட்டி' ஆனது என்றும் அய்யாவழி மரபு கூறுகிறது. தாழ்த்தப்பட்ட வீட்டுப் பிள்ளையின் பெயரில்கூட முடி இருக்கக் கூடாது. அந்நாட்டில் அச்சாதியாரில் ஆண்கள் தலைப்பாகை கட்டத் தடை. பெண்கள் மார்பை மறைக்கத் தடை. முந்தைய தலைமுறை தலைக்கு வரியும் செலுத்தியது. உயர்சாதியாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதற்குச் சாதிக்கொரு கணக்கு இருந்தது. நாடார்களுக்கு அது முப்பத்தாறு அடி என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. தொடுவதால் மட்டுமன்று, அருகே வருவதாலும் கண்ணில் படுவதாலும் தீட்டு. பகலில் வெளியே வரவே கூடாதவர்களாக வைக்கப்பட்ட புதிரை வண்ணாரைப் பற்றிய 1932-ஆம் ஆண்டுச் செய்தியை அம்பேத்கர் எடுத்துக்காட்டியிருக்கிறார். அது திருநெல்வேலிச் சீமையின் செய்தி.

பார்வை பட்டால் குழந்தைக்குக் காய்ச்சல் வரும் என்று ஒரு தாய் அஞ்சினால் அதை மூடநம்பிக்கை என்ற தலைப்பின்கீழ் எழுதுகிறோம். ஒரு மனிதன் கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஓர் அரசு நம்பினால் அதைச் சமூக அமைப்பு என்ற தலைப்பின்கீழ் எழுதுகிறோம். இரண்டும் ஒரே நம்பிக்கையின் கிளைகள். ஒன்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டால் தீர்ந்துவிடும். மற்றொன்றுக்குப் படையும் சிறையும் காவல் நின்றன. வைகுண்டரே சுவாதித் திருநாள் ஆட்சியில், 1838-39 அளவில், திருவனந்தபுரத்தில் சிறைவைக்கப்பட்டார்.

அவர் வகுத்த வழிபாட்டில் பதியின் உள்ளறைக்குப் பள்ளியறை என்று பெயர். அங்கே சிலை இல்லை. கண்ணாடி இருக்கிறது, இருபுறமும் விளக்கு. ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டே உள்ளே செல்ல வேண்டும். நெற்றியில் வெண்ணாமம். இவ்விரண்டையும் கண்ணாடியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 'உன்னுள் இருக்கும் இறைவனை நீயே காண்' என்பது இதற்கு இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1840-இல் ஒரு பனையேறி அந்தக் கண்ணாடியில் கண்டது வெறும் தத்துவமல்ல. தலைப்பாகை கட்டிய தன் தலையைக் கண்டான். தெருவில் கட்டினால் அடி விழும் தலைப்பாகை அது. கோயில் வாசலுக்கே வர முடியாதவன், கருவறைக்குள் இருக்கும் உருவமாகத் தன்னைக் கண்டான். முப்பத்தாறு அடி தள்ளி நின்றவனுக்கும் அவன் தெய்வத்துக்கும் இடையே இப்போது சில அடிகள்தாம். அருகே நின்ற பெண்ணும் தன் உருவத்தை அப்படித்தான் கண்டிருப்பாள். அவள் தோளை மறைக்கும் உரிமையை அரசு ஓரளவேனும் ஒப்புக்கொள்ள 1859 வரை ஆயிற்று. கோயில் நுழைவுப் பிரகடனம் வர 1936 ஆயிற்று. வைகுண்டர் 1851-இலேயே மறைந்துவிட்டார்.

இந்தக் கண்ணாடியை வேதாந்தத்தின் எளிய விளக்கப்படமாக மட்டும் சுருக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. தலைப்பாகையை நீக்கிவிட்டுக் கண்ணாடியை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். நாட்டார் நம்பிக்கைகளின் பட்டியலில் வேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் நடுவே அதை வைப்பவர்களும் அதே தவற்றை வேறு வழியில் செய்கிறார்கள்.

வடலூரையும் களவங்கோட்டையும் சுவாமித்தோப்போடு ஒரே மூச்சில் சொல்லும் பழக்கமும் உண்டு. மூன்றையும் பிரித்தே பார்க்க வேண்டும். வள்ளலார் 1872 தைப்பூசத்தில் திறந்த சத்திய ஞானசபையில் ஏழு திரைகள் விலக, கண்ணாடியின் வழியே தெரிவது சோதி. காண்பவரின் முகம் அங்கே பொருளல்ல. நாராயண குரு 1927-இல் சேர்த்தலைக்கு அருகே களவங்கோட்டில் கண்ணாடியையே நிறுவினார். அதில் எழுத்தும் உண்டு, பார்ப்பவரின் முகமும் உண்டு. இது சுவாமித்தோப்புக்கு நெருங்கியது. அவர் இளமையில் தவம் இருந்ததாகச் சொல்லப்படும் மருத்துவாழ்மலை சுவாமித்தோப்பிலிருந்து நெடுந்தூரம் இல்லை. அண்மையை மட்டும் சொல்கிறேன். அண்மை தாக்கத்துக்குச் சான்றாகாது என்பதை வகுப்பில் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

எதிர்நிலையில் ஜப்பானின் ஈசே திருத்தலத்தை நினைக்கலாம். கதிரவத் தெய்வமான அமதெரசுவின் கண்ணாடி அரச மரபின் மூன்று புனிதப் பொருள்களுள் ஒன்று. அது திரைக்குள் பொதிந்து வைக்கப்பட்டிருக்கிறது. பொதுமக்கள் யாரும் பார்ப்பதில்லை. மறைந்திருப்பதே அதன் ஆற்றல். சுவாமித்தோப்புக் கண்ணாடியின் ஆற்றல் அதன் முன் யாரும் வந்து நிற்கலாம் என்பதில் இருந்தது.

மாணவரின் கேள்விக்கு வருவோம். வழக்கம் தமிழா, கன்னடமா என்று கேட்பதைவிட, அந்த வேட்டியைப் போட்டவர் யார், எதற்காகப் போட்டார் என்று கேட்பதே பயன்தரும். மறுநாள் அந்த வீட்டு அம்மையாரிடமே கேட்டேன். ஆவியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "அழுதழுது வீங்கின முகத்தைப் பிள்ளைங்க கண்ணாடில பாத்துக்க வேண்டாம்னு மாமியார் சொல்லுவாங்க, அதான் போட்டேன்" என்றார். ஃபிரேசரின் நூலில் இதற்கு இடமில்லை.

அடுகோடி, கோரமங்கலம், நீலசந்திரா பகுதிகளில் உள்ள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் துக்கத்தின்போது கண்ணாடி மூடப்பட்டதுண்டா, எத்தனையாம் நாள் அதை எடுத்தார்கள், எடுத்தவர் யார், அவர் சொன்ன காரணம் என்ன என்பதை அவர்கள் பேசிய சொற்களிலேயே எழுதி அனுப்புங்கள். குமரி மாவட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய அய்யாவழிக் குடும்பங்கள் வீட்டு வழிபாட்டிலும் கண்ணாடி வைத்திருந்தால், அதன் முன் நிற்கும்போது இன்றும் தலைப்பாகை கட்டுகிறார்களா என்பதையும் அறிய விரும்புகிறேன்.